சீட்டில் இல்லாத எடை

கட்கியில் பழைய மும்பை சாலையோரம் சென்ற மாதம் ஓர் இரவில் நான் கண்ட லாரியைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். ஆய்வேட்டில் அந்த லாரி ஒரு வரிசை எண்ணாக மட்டுமே இடம்பெறும். ஆய்வேட்டுக்குள் அடங்காத பகுதி இங்கே.

என் ஆய்வு சாலைத் தளங்களின் ஆயுளைப் பற்றியது. அதற்காக அச்சுச் சுமைக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். உரிய அனுமதி பெற்று, லாரிகளைச் சாலையோரம் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கீழே கையடக்கமான எடைத் தட்டுகளை வைத்து, ஒவ்வோர் அச்சும் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று குறித்துக்கொள்வோம். ஒரு வண்டிக்குச் சில நிமிடங்கள் ஆகும். நாங்கள் அபராதம் விதிப்பவர்கள் அல்லர் என்று ஒவ்வோர் ஓட்டுநரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவோம். பெரும்பாலோர் அதை நம்புவதில்லை.

அன்றிரவு பதினொரு மணிக்கு மேல் தபோடிப் பக்கமிருந்து மூளா ஆற்றைக் கடந்து வந்த ஓர் இரண்டச்சு லாரியின் பலகையில் ‘டிஎன் 52’ என்று இருந்தது. சங்ககிரிப் பதிவு, என் ஊர்ப்பக்கத்து வண்டி. தமிழில் பேசியதும் ஓட்டுநரின் முகம் இளகியது. தானாகவே சட்டைப் பையிலிருந்து எடைச் சீட்டை எடுத்து நீட்டினார். இங்கே ‘வஜன் காட்டா’ என்று சொல்லப்படும் எடை மேடையில் ஏற்றுமதியின்போது வாங்கிய சீட்டு. மொத்த எடை 18,300 கிலோ. இரண்டச்சு லாரிக்கு இன்றுள்ள வரம்பு 18.5 டன். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

எங்கள் தட்டுகள் வேறு கதை சொல்லின. முன் அச்சு 4.9 டன், பின் அச்சு 13.4 டன். நான்கு சக்கரங்கள் கொண்ட பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்டது 11.5 டன். வண்டியில் இரண்டு இரும்புச் சுருள்கள் இருந்தன. இரண்டும் பின்பாதியில் அமர்ந்திருந்தன.

“சீட்டுல சரியாத்தானுங்களே இருக்குது?” என்றார் அவர்.

“மொத்தம் சரிங்கண்ணா. பின்னாடி மட்டும் ரெண்டு டன் அதிகம்” என்றேன்.

“நான் முன்னாடி தள்ளி வெக்கச் சொன்னனுங்க. கிரேன் எட்டாதுன்னு சொல்லிட்டாங்க. வர்ற வழியெல்லாம் ஸ்டியரிங் மெதக்கற மாதிரியே இருந்துச்சு.”

எடையளக்கும் கருவி எதுவும் இல்லாமலே அவர் கை அந்த 2 டன்னை அறிந்திருந்தது. முன் அச்சில் சுமை குறைந்தால் முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும், திசைமாற்றி மிதக்கும். அவர் சொன்னது இயற்பியல்.

மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்கும்போது ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு எதற்கு என்று முதலாண்டு மாணவர்கள் கேட்பதுண்டு. சாலை லாரியை முழுதாகச் சந்திப்பதே இல்லை என்பதுதான் விடை. சாலையின் ஒரு புள்ளியில் நிற்பவருக்கு லாரி என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் சில அடிகள். ஒவ்வோர் அடியும் எவ்வளவு கனம் என்பதையே தளம் உணர்கிறது. மொத்த எடை பாலங்களுக்கும் நிறுத்துவிசைக்கும் முக்கியம்; தளத்துக்கு முக்கியம் அச்சு.

அடியின் கனத்துக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு நேர்விகிதமன்று. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே ஆறு சுற்றுப்பாதைகள் அமைத்து, படைவீரர்களை ஓட்டுநர்களாக்கி, எடை தெரிந்த லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 11 லட்சம் முறை அச்சுகள் கடந்தன. அந்தச் சோதனையிலிருந்து பெற்ற விதியே இன்றும் உலகெங்கும் தொடக்கப் பாடம்: சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக வளர்கிறது. தளத்தின் வகையைப் பொறுத்து அந்த அடுக்கு கூடலாம், குறையலாம். ஆயினும் பொறியாளர்கள் கையில் வைத்துக்கொள்ளும் எண் நான்குதான்.

அங்கே அளவுகோலாகக் கொண்ட 18,000 பவுண்டு அச்சு, அதாவது 8.16 டன், இந்தியச் சாலைக் காங்கிரசின் வடிவமைப்பு வழிகாட்டிகளிலும் தர அச்சாக இருக்கிறது. அதன் ஒரு கடப்பு விளைக்கும் சேதத்தை 1 என்று கொண்டால், 10.2 டன் அச்சின் சேதம் 2.4, 11.5 டன் அச்சுக்கு 3.9, அன்றிரவு கண்ட 13.4 டன் அச்சுக்கு 7.3. வரம்பை மீறியது 2 டன்னுக்கும் குறைவு. சேதமோ கிட்டத்தட்ட இருமடங்கு. மறுதிசையில் பார்த்தால், ஓர் அச்சுக்கு 600 கிலோ தாங்கும் சிற்றுந்து, தர அச்சு ஒருமுறை செய்வதைச் செய்து முடிக்க 34,000 முறை கடக்க வேண்டும். நம் சாலைகளைத் தேய்ப்பவை கார்கள் அல்ல.

இவ்வளவும் வகுப்பில் சொல்வது. இனி எழுதுவது வகுப்பில் நான் சொல்லாதது.

என் தந்தை லாரி ஓட்டுநர். சங்ககிரியிலிருந்து பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர் வழியாகப் புணேக்கும் பிம்ப்ரிக்கும் ஓட்டியவர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் அடிக்கடி ஒலித்த மராட்டிய ஊர்ப்பெயர் கட்கிதான். “கட்கி தாண்டீட்டா பிம்பிரி வந்துரும், கண்ணு” என்பார். இந்த ஊரில் அறை தேடியபோது அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்தேன் என்பதை என் நெறியாளரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் ஓட்டிய காலத்தில் இரண்டச்சு லாரியின் வரம்பு 16.2 டன்: முன்னால் 6, பின்னால் 10.2. அந்த வரம்புக்குள் அவர் ஓட்டியது காலி வண்டியை மட்டும்தான் என்று சொன்னால் மிகையாகாது. வாடகை டன் கணக்கில் பேசப்பட்டது. டீசல், சுங்கம், செக்போஸ்ட் செலவு, வண்டிக்கடனின் தவணை ஆகிய எல்லாம் போக உரிமையாளர் கையில் ஏதேனும் நிற்க வேண்டுமென்றால் கூடுதலாக 5 டன் ஏற்றியாக வேண்டும். அதற்காகப் பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டைகள் கூட்டி அடித்திருந்தார்கள். “நம்ம வண்டி எவ்வளவு ஏத்துனாலும் குனியாது” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வண்டி குனியாததால் அச்சு முறியவில்லை. அந்தக் கனம் எங்கே போயிற்று என்று அப்போது வீட்டில் யாரும் கேட்கவில்லை.

2003ஆம் ஆண்டு, புணேயிலிருந்து இரும்பு ஏற்றித் திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் அவர் வண்டி கவிழ்ந்தது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வருபவர்களுக்கு அந்தக் கணவாய் தெரியும். அப்பாவுக்குக் கால் முறிந்தது. உடனிருந்த கிளீனர் இறந்துபோனான். எங்கள் தெருப் பையன், வயது பத்தொன்பது. என்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன்.

வழக்கு அப்பா மீது மட்டும் பதிவானது. வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியது, அதனால் மரணம் விளைவித்தது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினார் என்று எழுதினார்கள். அப்பா இன்றுவரை மறுக்கிறார். வண்டியைப் பரிசோதித்தவர் இயந்திரக் கோளாறு ஏதுமில்லை என்று சான்றளித்தார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். 16.2 டன்னுக்காக அமைக்கப்பட்ட நிறுத்துவிசை, 22 டன்னை மலையிலிருந்து இறக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்வது கோளாறு அன்று, கணக்கு. ஆனால் சரக்கைச் சாலையிலிருந்து அள்ளி வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்களே தவிர, அதை யாரும் எடை போடவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் சாட்சியம் போதவில்லை என்று அப்பா விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவர் லாரி ஓட்டவில்லை. அந்தப் பையனின் வீட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் இன்றும் சுற்றுவழியில்தான் போகிறார்.

22 டன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய உரிமங்களுக்கு இடையே ஓர் எடைச் சீட்டு இருந்தது. கட்கிக்கு அப்பால், இதே பழைய மும்பை சாலையில் இருந்த ஓர் எடை மேடையின் சீட்டு. மொத்தம் 22,040 கிலோ. முதுகலை சேர்ந்த ஆண்டில்தான் அதைப் பார்த்தேன். ஏன் கோர்ட்டில் காட்டவில்லை என்று கேட்டேன். “அதைக் காட்டுனா ஓவர்லோடு கேசும் எம்மேலதானே உழுகும், கண்ணு” என்றார்.

அந்தச் சீட்டும் மொத்த எடையை மட்டுமே சொல்கிறது. முன் அச்சில் 7 டன் இருந்ததாகக் கொண்டால் பின் அச்சு 15 டன் தாங்கியிருக்கும். தர அச்சைப் போல 11 மடங்குக்கும் மேல் சேதம். புணே முதல் தொப்பூர் வரை ஒவ்வொரு மீட்டரிலும் அது பதிந்திருக்கும். இன்று நான் சாலைத் தளத்தின் சக்கரத் தடப் பள்ளங்களை மில்லிமீட்டரில் அளக்கிறேன். அப்பாவின் உழைப்பில் படித்தேன் என்று சொல்வது எளிது. அந்த உழைப்பின் ஒரு பகுதி இந்தப் பள்ளங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார். சுமையியல் பாடத்தில் தமிழ் மாணவர்கள் எல்லோரும் இந்தக் குறளை மேற்கோள் காட்டுகிறோம், நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு முன்நிபந்தனை உள்ளது. வள்ளுவர் கண்ட வண்டியில் ஏற்றியவனின் அச்சுதான் முறிந்தது. இழப்பு அவனுடையது, ஆகவே அறிவுரையும் அவனுக்கே. பட்டைகள் கூட்டிய லாரியில் அச்சு முறிவதில்லை. அச்சு தாங்கும் வலிமை பெற்றுவிட்டதால் முறிவு கீழே இறங்கிச் சாலைக்கும் பாலத்துக்கும், நிறுத்துவிசைக்கும் அதை மிதிக்கும் காலுக்கும் போய்விட்டது. ஏற்றுபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். அச்சுச் சுமைக்குச் சட்டம் வேண்டியிருப்பது இதனால்தான். தன் வலிமையைத் தானே அறிந்துகொள்ளத் தேவையற்றுப்போனவருக்குப் பிறர் வலிமையை நினைவூட்டும் ஏற்பாடு அது.

சட்டத்தின் சொற்கள் இதை அறிந்தே எழுதப்பட்டவை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் எடை வரம்பைச் சொல்லும் 113ஆம் பிரிவும், தண்டனையைச் சொல்லும் 194ஆம் பிரிவும் மூன்று வினைகளைக் குறிப்பிடுகின்றன: மீறி ஓட்டுதல், ஓட்டச் செய்தல், ஓட்ட அனுமதித்தல். மூன்றும் குற்றமே. ஆனால் சாலையில் நிறுத்தி விசாரிக்கும் இடத்தில் முதல் வினைக்கு உரியவர் ஒருவரே இருக்கிறார். மற்ற இருவரும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அப்பாவின் சீட்டில் வண்டி எண், நேரம், சரக்கு அனுப்பியவர் பெயர் எல்லாம் இருந்தன. அது அவருடைய உயிரிழப்பு வழக்கை மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த வழக்கில் இன்னும் இரண்டு வினைகள் இருந்தன என்பதையாவது அந்தக் காகிதம் சொல்லியிருக்கும்.

அரசுகளும் நெடுங்காலம் இதில் உடந்தையாக இருந்தன. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு கூடுதல் சுமையோடு போக அனுமதிக்கும் அட்டைகளையும் வில்லைகளையும் சில மாநிலங்கள் வழங்கிவந்தன. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அபராதம் கட்டிவிட்டு அதே சுமையோடு தொடர முடியாது, கூடுதலை இறக்கியாக வேண்டும் என்பதே அதன் சாரம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆகவும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகவும் உயர்த்தியது. எடை பார்க்க மறுத்தால் 40,000.

இதற்கிடையில், 2018 ஜூலையில் வரம்புகளே உயர்ந்தன. முன் அச்சுக்கு 6 இருந்தது 7 ஆனது. பின்புற ஒற்றை அச்சுக்கு 10.2 இருந்தது 11.5 ஆனது, அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சுக்கு 19 இருந்தது 21 ஆனது. 11.5 டன் என்பது ஐரோப்பிய ஒன்றியம் இயங்கு அச்சுக்கு அனுமதிக்கும் அதே அளவு. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலைகளில் ஒற்றை அச்சின் வரம்பு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன். பயணங்கள் குறையும், சரக்குச் செலவு குறையும் என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

வண்டியின் சொந்த எடை 6 டன் என்று கொள்வோம். 100 டன் சரக்கைக் கொண்டுசெல்லப் பழைய வரம்பில் சுமார் 10 பயணங்கள். பின் அச்சின் சேதம் மொத்தம் 24. புதிய வரம்பில் 8 பயணங்கள், சேதம் 32. இரண்டு பயணங்களின் டீசலும் நேரமும் மிஞ்சுகின்றன. சாலை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தேய்கிறது. இந்தப் பேரம் தகுமா என்று ஒரு சமூகம் வெளிப்படையாக விவாதித்து முடிவெடுக்கலாம். அப்பாவின் 22 டன் வண்டியில் அதே சரக்குக்கு ஆறேகால் பயணம்; சேதம் 71. இதை யாரும் விவாதித்து முடிவெடுக்கவில்லை. பயணம் மிச்சப்பட்டவர் பெற்றுக்கொண்டார். மீதியைச் சாலையில் போகும் எல்லோரும் கட்டினார்கள்.

இந்த ஊரிலேயே வேறொரு முறை இருக்கிறது. கட்கி, பாம்பே சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் படைப்பொறியாளர் பிரிவின் தலைமையிடம். பாலம் கட்டுவது அவர்கள் தொழில். படை வண்டிகளின் முகப்பில் மஞ்சள் வட்டத்துக்குள் ஓர் எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போடும் பாலத்தின் முனையிலும் ஓர் எண் இருக்கும். வண்டியின் எண் பாலத்தின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் கடக்கக் கூடாது. அந்த எண் வெறும் டன் கணக்கன்று. எத்தனை அச்சுகள், எவ்வளவு இடைவெளி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சுமை என்பதையெல்லாம் உள்ளடக்கியது. ஓட்டுபவர் கணக்குப் போட வேண்டியதில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். கணக்கு அவருக்கு முன்பே, அதற்குப் பொறுப்பானவர்களால் போடப்பட்டுவிட்டது.

அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூன் 22 அன்று உத்தரகாண்டின் முன்ஸ்யாரி அருகே பார்த்தோம். மண் தோண்டும் இயந்திரத்தைச் சுமந்து வந்த லாரியோடு ஒரு பெய்லி பாலம் ஓடைக்குள் விழுந்தது. பாலத்தின் திறன் 18 டன். ஏறிய சுமை சுமார் 26 டன் என்று செய்திகள் கூறின. வண்டியில் இருந்த இருவர் காயமடைந்தனர். எல்லைச் சாலை அமைப்பு ஒரு வாரத்துக்குள் புதிய பாலத்தைப் போட்டுவிட்டது. அந்தக் காணொளி கைப்பேசிகளில் பரவியபோது எல்லோரும் ஓட்டுநரின் அறிவீனத்தைப் பேசினார்கள். அந்த இயந்திரத்தை அந்த வண்டியில் ஏற்றச் சொன்னவர் யார் என்று நான் பார்த்த பின்னூட்டங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சங்ககிரி ஓட்டுநருக்கு அன்றிரவு நான் செய்ய முடிந்தது சிறிது. எங்கள் அளவீட்டுத் தாளின் படி ஒன்றைக் கொடுத்தேன். அச்சு வாரியான எடை எழுதிய காகிதம் ஓட்டுநர் கையில் இருந்தால், அடுத்தமுறை கிரேன் எட்டவில்லை என்று சொல்பவரிடம் காட்ட ஏதேனும் இருக்கும் என்று நினைத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சிருந்தா மாட்டிக்குவனே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபதாண்டுகளுக்குப் பின்னும் அதே அச்சம். அவர் தவறாகவும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் தாள் ஓட்டுநர் கையில் அல்லாமல் சரக்கு ஏற்றும் இடத்தின் பதிவேட்டில், ஏற்றியவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எடை மேடையில் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றி ஒருமுறை நிறுத்துவிட்டு, பிறகு முழு வண்டியையும் நிறுத்தால் போதும். இரண்டின் வித்தியாசம் பின் அச்சு. ஓரளவு பிழை இருக்கும். புதிய கருவி ஏதும் வேண்டியதில்லை. சீட்டில் இன்னொரு வரி அச்சாக வேண்டும், அவ்வளவே.

மறுநாள் அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். 4.9, 13.4 என்ற எண்களைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்தத் தம்பி ஊரு போய்ச் சேந்துட்டானா?”

“தெரியலீங்கப்பா. நம்பர் வாங்கல.”

“தொப்பூர்ல எறங்கறதுக்கு முன்னால நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்கோணும், கண்ணு.”

நான் அவரிடம் அச்சுச் சுமையைச் சொன்னேன். இறக்கத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த கணக்கெடுப்பின் படிவத்தில் ‘போகும் ஊர், வழி’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். லாரித் தொழிலில் இருக்கும் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய எடைச் சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவை யாரையும் மாட்டிவைக்க அல்ல. ஏற்றியவர்களும் இருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அவைதாம்.